பல் கூசினால் நொடிகளை எண்ணுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாத வெயிலில் வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரை அப்படியே எடுத்துக் குடித்தேன். வலது பக்கக் கீழ்க் கடைவாயில் சுரீர் என்று இழுத்தது. கூச்சம்தானே என்று மறுநாள் பல் கூச்சத்துக்கான பேஸ்ட் ஒன்றை வாங்கினேன். இரண்டு மூன்று மாதம் ஓடியது. பிறகு காபி குடித்தாலும் வலிக்க ஆரம்பித்தது. அந்த வலி டம்ளரைக் கீழே வைத்த பிறகும் போகவில்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால்தான் அடங்கியது. அப்புறம் ஒரு வாரத்தில் எல்லா வலியும் நின்றுபோனது. பேஸ்ட் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். நான்கு மாதம் கழித்துக் கன்னம் வீங்கியபோதுதான் தெரிந்தது, வலி குணமாகி நிற்கவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனதால் நின்றிருக்கிறது. இரண்டு பற்களுக்கு நடுவில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் ஒரு சொத்தை. முதல் மாதமே மருத்துவரிடம் போயிருந்தால் சொத்தைக் குழியை நிரப்பும் ஒரு சின்ன அடைப்போடு (ஃபில்லிங்) முடிந்திருக்கும். அது வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்) போய் முடிந்தது.

பல் கூச ஆரம்பித்து, என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்று எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும்: கூச்சம் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைவிட, குளிர்ச்சியோ சூடோ போன பிறகு எத்தனை நொடி தங்குகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில், பல் ஏன் கூசுகிறது?

பல்லின் மேலே வெள்ளையாகத் தெரியும் எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. அதில் நரம்பு கிடையாது. எனாமல் முழுசாக இருக்கும் இடத்தில் சாதாரணமாகக் கூசாது. அதற்கு அடியில் கொஞ்சம் மஞ்சளாக இருப்பது டென்டின். அதற்கும் நடுவில், ரத்த நாளமும் நரம்பும் கலந்த மென்மையான சதை. நாம் பேச்சில் 'பல் நரம்பு' என்று சொல்வது இந்தச் சதையைத்தான்.

விஷயம் டென்டினில் இருக்கிறது. பார்க்கத் திடமாக இருந்தாலும் அது முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. எல்லாவற்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கியோ டென்டின் வெளியே தெரிந்தால் இந்தக் குழாய்களின் வாய் திறந்துவிடும். குளிர்ச்சி பட்டால் உள்ளே இருக்கும் திரவம் சுருங்கி வெளிப்பக்கமாக நகர்கிறது. சூடு பட்டால் விரிந்து உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த அசைவு குழாயின் அடியில் இருக்கும் நரம்பு நுனியைச் சீண்டுகிறது. 1960களில் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் இதைச் சோதனைகள் மூலம் நிலைநாட்டினார். இன்றுவரை பல் மருத்துவர்கள் கூச்சத்துக்குச் சொல்லும் முதன்மையான விளக்கம் இதுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் பல புதிர்கள் தானாக அவிழும். ஐஸ்கிரீமுக்குக் கூசும் அதே பல் மைசூர்பாகுக்கும் ஏன் கூசுகிறது? சர்க்கரைக் கரைசல் குழாயில் இருக்கும் திரவத்தை வெளியே உறிஞ்சுகிறது. வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தால் ஏன் கூசுகிறது? காற்று அந்தத் திரவத்தை உலர்த்தி இழுக்கிறது. திரவம் வெளியே நகரும்போதுதான் நரம்பு அதிகமாகத் துடிக்கும். அதனால்தான் வெறும் கூச்சம் உள்ளவர்களுக்குக் குளிர்ச்சி பெரும் தொல்லையாகவும், சூடு அவ்வளவாகத் தெரியாமலும் இருக்கிறது. இதைத் திருப்பிப் பாருங்கள்: குளிர்ச்சியைவிடச் சூடுதான் வலிக்கிறது என்றால், குழாய் திறந்திருப்பது மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே இருக்கும் சதை வீங்கத் தொடங்கியிருக்கலாம்.

படி 1: எந்தப் பல், எதற்கு, எத்தனை நொடி

இதற்கு ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சியும் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரும் போதும். ஐஸ் கட்டியை நேரடியாகப் பல்லில் வைக்காதீர்கள். அது நல்ல பல்லையும் கூசவைக்கும். பஞ்சை நனைத்து, கண்ணாடி முன் நின்று, கடைசிக் கடைவாய்ப் பல்லில் தொடங்கி ஒவ்வொரு பல்லிலும் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் தொடுங்கள். கூசும் பல் கிடைத்ததும் பஞ்சை எடுத்துவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். எந்த எண்ணில் வலி முழுசாக அடங்குகிறது என்று எழுதி வையுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும்.

அதோடு சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான காபிக்கு வலிக்கிறதா? கடிக்கும்போதா, கடித்துவிட்டு விடும்போதா? ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா? ஒரே பல்லா, பல பற்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பற்கள் லேசாகக் கூசினால் பெரும்பாலும் தேய்மானமோ ஈறு இறங்கியதோ காரணமாக இருக்கும். ஒரே ஒரு பல் மட்டும் திடீரென்று கூச ஆரம்பித்தால் அந்தப் பல்லில் சொத்தையோ விரிசலோ, பழைய அடைப்பில் இடைவெளியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் பல்லும் ஒற்றைப் பல்தான்.

சில நேரம் எந்தப் பல் என்றே பிடிபடாது. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூடக் குழப்பும். ஆழத்தில் இருக்கும் நரம்பு வலியின் குணமே அது. கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அதுவும் பயன்படும். மேல் கடைவாய்ப் பற்கள் நான்கைந்தும் சேர்ந்து கனமாக வலித்து, குனிந்தால் கூடினால், கூடவே சளியும் இருந்தால், அது பல்லுக்கு மேலே இருக்கும் சைனஸ் அறையின் வேலையாகவும் இருக்கலாம்.

படி 2: எண்ணியதை வைத்து முடிவு செய்வது

குளிர்ச்சியை எடுத்ததும் ஓரிரு நொடியில், அதிகம் போனால் ஐந்தாறு நொடியில் அடங்கிவிட்டால் அவசரம் இல்லை. கீழே சொல்லும் வீட்டு முறைகளை நான்கு வாரம் செய்து பார்க்கலாம். ஆனாலும் ஒற்றைப் பல்லாக இருந்தால், அல்லது கரும்புள்ளியோ குழியோ கண்ணில் பட்டால், அந்த நான்கு வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அரை நிமிடம், அதற்கு மேலும் தங்குகிறது என்றால் பேஸ்ட்டை நம்பி உட்கார வேண்டாம். சூடு பட்டு வலி நிற்காமல் போவது, எதுவும் படாமலே விண்விண் என்று தெறிப்பது, படுத்தால் கூடுவது எல்லாம் நடுவில் இருக்கும் சதை மீள முடியாத அளவுக்கு அழற்சி அடைந்திருப்பதன் அறிகுறிகள். படுத்தால் ஏன் கூடுகிறது? தலைக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. பல்லுக்குள் இருக்கும் சதைக்கு வீங்க இடமே இல்லை, சுற்றிலும் கெட்டியான சுவர். அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

கடித்து விடும்போது கத்தி குத்துவதுபோல் வலித்தால் விரிசலைச் சந்தேகப்படலாம். எக்ஸ்ரேயில் பல நேரம் விரிசல் தெரியாது. அதனால் 'கடித்து விடும்போது வலிக்கிறது' என்று நீங்கள் வாய் திறந்து சொல்வதுதான் முக்கியமான தடயம்.

முகம் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அன்றே மருத்துவமனை. ராத்திரியாக இருந்தாலும் சரி, காத்திருக்க வேண்டாம்.

பல நாள் வலித்த பல் மருந்தில்லாமல் திடீரென்று அமைதியானால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பற்களில் பஞ்சு பட்டால் லேசாகவாவது தெரிந்து, அந்தப் பல்லில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும்.

படி 3: எது பல்லைத் திறந்தது என்று தேடுங்கள்

காரணத்தை நிறுத்தாமல் பேஸ்ட் மட்டும் போட்டால், ஒரு பக்கம் அடைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் திறப்பதாகிவிடும்.

முதல் சந்தேகம் நம் கையில் இருக்கும் பிரஷ் மீதுதான். முரட்டு பிரஷ்ஷை வைத்து ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு ஈறோரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கோரைப் பல்லிலும் அதை ஒட்டிப் பின்னால் இருக்கும் பற்களிலும் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். பிரஷ்ஷின் முனைகள் ஒன்றிரண்டு மாதத்திலேயே பரட்டையாக விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். செங்கல் தூள், உமிக்கரி, சாம்பல், பொடி உப்பு எல்லாமே பல்லை அராவும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது நம் பழமொழி. ஆலங்குச்சியையோ வேலங்குச்சியையோ நன்றாக மென்று பூப்போல் ஆக்கி மெதுவாகத் தேய்ப்பவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஈறு இறங்கியவர் அதே குச்சியால் அழுத்தித் தேய்ப்பது கெடுதல்.

அடுத்தது புளிப்பு. வாயின் அமிலநிலை 5.5 பிஎச்சுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்). டென்டின் அதற்கும் முன்பே கரையும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் மூன்றுக்கும் கீழே இருப்பவை. சாம்பாரில் புளி சேர்வதால் பல் போய்விடாது. சாப்பிட்டு முடித்ததும் எச்சில் அதைச் சமன் செய்துவிடும். தொல்லை தருவது, கோலா பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வாயாகக் குடிப்பதும், உடம்பு இளைக்க என்று தினமும் காலையில் எலுமிச்சைத் தண்ணீரை வாயில் வைத்துச் சப்பிக் குடிப்பதும், மாங்காய்த் துண்டையும் நெல்லிக்காயையும் கன்னத்தில் அடக்கி வைப்பதும்தான். குடித்த கையோடு பல் தேய்ப்பது இன்னும் மோசம். அமிலம் இளக்கிவிட்ட மேற்பரப்பை பிரஷ் சுரண்டிவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், மசக்கையில் வாந்தி எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வயிற்று அமிலம் எந்தக் குளிர்பானத்துக்கும் குறைந்ததில்லை. வாந்திக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் அமிலம் சமன்படும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம், வருடக்கணக்கில் பாக்கு மென்றது, ஈறு நோயால் வேர் வெளியே தெரிவது ஆகியவையும் உண்டு. பல்லை வெளுப்பாக்கும் சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சில நாள் கூசும், தானாக அடங்கும்.

இங்கே ஒரு பேச்சைத் தெளிவுபடுத்த வேண்டும். 'பல்லைக் கிளீன் பண்ணினேன், அதிலிருந்து கூசுகிறது, பல் ஆடுகிறது' என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். வருடக்கணக்கில் படிந்த காறை வேரை மூடிக்கொண்டு இருந்தது. அதை எடுத்ததும் வேர் வெளியே தெரிகிறது, அதனால் கூசுகிறது. ஈறை ஏற்கெனவே கீழே தள்ளியது அந்தக் காறைதான். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்தில் கூச்சம் குறைந்துவிடும். இந்தப் பயத்தில் கிளீனிங்கைத் தள்ளிப்போட்டு நல்ல பற்களை இழப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

படி 4: பேஸ்ட்டைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

கூச்சத்துக்கான பேஸ்ட்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பின் துடிப்பைப் படிப்படியாகத் தணிக்கும். பெரும்பாலும் 5 சதவீதம் இருக்கும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினைன், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் போன்றவை குழாய்களின் வாயை அடைக்கும். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் இவற்றில் ஒன்று இருக்கிறதா, கூடவே 1000 பிபிஎம் அளவில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் இந்தப் பேஸ்ட்டைக் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்குக் கூசினால் முதலில் சொத்தை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நான்கு நாள் தேய்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடுவது வழக்கம். இரண்டிலிருந்து நான்கு வாரம் தினமும் இரண்டு வேளை தேய்த்தால்தான் பலன் தெரியும். மென்மையான பிரஷ். பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டு நான்கு முறை கொப்பளித்தால் மருந்தும் ஃபுளோரைடும் சேர்ந்தே போய்விடும். நமக்கு அப்படிக் கொப்பளித்தே பழக்கம் என்பதால் முதல் வாரம் அசௌகரியமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். ராத்திரி படுக்கும் முன் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட்டை விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் பூசிவிட்டும் படுக்கலாம்.

நான்கு வாரம் என்பதைக் காலண்டரில் குறியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அதே பஞ்சுச் சோதனையைச் செய்து எண்ணிக்கையை எழுதுங்கள். குறைந்துகொண்டே வந்தால் தொடருங்கள். அப்படியே நின்றாலோ கூடினாலோ பேஸ்ட்டின் வேலை அதோடு முடிந்தது. நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். கெடு வைக்காமல் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

வலியோடு ராத்திரியைக் கழிக்க வேண்டி வந்தால்

தலையணையை இன்னும் ஒன்று வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். பாராசிட்டமால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் அட்டையில் போட்டிருக்கும் அளவில் விழுங்கலாம். மாத்திரையைப் பொடித்துப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைக்காதீர்கள். ஆஸ்பிரின் அப்படி வைத்தால் ஈறும் கன்னமும் வெந்து வெள்ளையாகிவிடும்.

கிராம்பு நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் மருந்து. அதில் உண்மை இருக்கிறது. கிராம்பில் இருக்கும் யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களும் தற்காலிக அடைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள். பல்லில் குளிர்ச்சியை உணரும் டிஆர்பிசி5 என்ற புரதத்தை 2021இல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் காட்டியது. யூஜினால் அந்தப் புரதத்தையே தடுக்கிறது. ஒரு கிராம்பை அந்தப் பல் பக்கம் மெதுவாக அடக்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றாதீர்கள், சுட்டுவிடும்; சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கிராம்பு மரக்கவைக்கும், சொத்தையை ஆற்றாது. சொத்தைக் குழியில் பெருங்காயத்தைத் திணிப்பதும் அப்படித்தான்; அடியில் கிருமி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

படி 5: மருத்துவரிடம் போகும்போது

அந்தக் குறிப்புத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள். 'பல் கூசுது டாக்டர்' என்பதைவிட, 'வலது பக்கம் கீழே, பின்னாலிருந்து இரண்டாவது பல். குளிர்ந்த தண்ணீருக்கு இருபது நொடி. சூட்டுக்கு இல்லை. கடித்தால் வலி இல்லை' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் எப்போது போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். மாத்திரை வேகத்தில் சோதனை தப்பாகக் காட்டலாம்.

அவர் பல்லின் மேல் காற்று அடித்துப் பார்ப்பார், கருவியின் பிடியால் லேசாகத் தட்டிப் பார்ப்பார், குளிர்மருந்து தெளித்த பஞ்சை வைத்துப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். இரண்டு பற்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சொத்தையை எக்ஸ்ரேதான் காட்டும். ஆகவே எக்ஸ்ரே வேண்டாம் என்று மறுக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழாய் திறந்தது மட்டும்தான் காரணம் என்றால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். பள்ளம் விழுந்த இடத்தில் பல் நிறத்தில் அடைப்பு வைப்பார். ஈறு அதிகம் இறங்கியிருந்தால் ஈறு ஒட்டுச் சிகிச்சையும் உண்டு. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் தட்டு (நைட் கார்டு) செய்து தருவார். சொத்தை ஆழமில்லை என்றால் அடைப்பு. நரம்பு மீள முடியாத நிலை என்றால் பெரும்பாலும் வேர் சிகிச்சை செய்து கேப் போடுவது. வலி தாங்காமல் 'பிடுங்கிவிடுங்கள்' என்று நாமே கேட்டுவிடுகிறோம். மரக்க ஊசி போட்ட பிறகு வேர் சிகிச்சை, வலித்துக்கொண்டு இருக்கும் அந்த ராத்திரியைவிடப் பல மடங்கு லேசு. பல்லைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

செலவை நினைத்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சென்னையில் 1953இலிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

அடைப்பு வைத்த பிறகும் சில நாள், சில வாரம்கூடக் குளிர்ச்சிக்குக் கூசலாம். பயப்பட வேண்டாம், அங்கேயும் எண்ணுங்கள். முதல் நாள் பத்து நொடி இருந்தது அடுத்த வாரம் ஐந்தாகி, பிறகு இரண்டாகி வந்தால் பல் ஆறிக்கொண்டிருக்கிறது. கடிக்கும்போது அந்த அடைப்புதான் முதலில் இடிக்கிறது என்று தோன்றினால் அது கொஞ்சம் உயரமாக இருக்கிறது. போய்ச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். எண்ணிக்கை ஏறினாலோ, சூட்டுக்கு வலிக்க ஆரம்பித்தாலோ, அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அதே மருத்துவரிடம் உடனே போய்க் காட்டுங்கள்.